வாத்துக் கம்ப்யூட்டர்

திங்கட்கிழமை காலையில் பங்காரம்மா கம்ப்யூட்டரைப் போட்டாள். வழக்கமாக வரும் நீலத் திரை வரவில்லை. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி வந்து பாதி வழியில் நின்றன. டிஸ்க்கில் கோளாறு இருக்கிறது, தானாகச் சரிசெய்ய முடியவில்லை, பாஸ்வேர்டைக் கொடுத்து நீயே பார்த்துக்கொள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே கர்சர் கண் சிமிட்டியது.

"மறுபடியுமா?" என்று பல்லைக் கடித்தாள்.

கம்ப்யூட்டர் மேல் அவளுக்குக் கோபமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு கொட்டேஷன் அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் மெயின் சுவிட்ச்சை இறக்கிய கை மேல்தான் கோபம். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இப்போது அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். தனியாகவும் இல்லை. கம்பெனியில் லேத் மெஷினில் நிற்கும் இரண்டு பேரை வேறு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வாங்கப்பா, வந்து பாருங்க. எங்க வதினா வளத்துற வாத்து இன்னைக்கும் படுத்துக்கிச்சு," என்றார் கோவிந்தராஜுலு.

வதினா என்றால் தெலுங்கில் அண்ணி. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ் என்று ஓடுகிற குடும்பம். இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் எங்கேயும் விடமாட்டார். மரியாதையான வார்த்தைதான். அதைச் சொல்லும்போது அவருடைய மேலுதடு ஒரு பக்கமாகக் கோணும் பாருங்கள், அதுதான் பங்காரம்மாவுக்கு ஆகாது.

"தம்பி, சனிக்கிழமை நான் கம்ப்யூட்டர்ல இருந்தேனுங்க. நீங்க பாட்டுக்கு மெயினை இறக்கிப்போட்டீங்க."

"ஆறு மணி ஆச்சுன்னா மெயினை இறக்காம, ஆரத்தியா எடுப்பாங்க?"

"அஞ்சே காலுக்கு இறக்குனீங்க."

"வேலை முடிஞ்சுது, இறக்கினேன். பதினாலு மெஷின் ஓடுது இங்க. எல்லாம் மெயினை இறக்கினா நிக்குது, தூக்கினா ஓடுது. உங்க வாத்துக்கு மட்டும் தாலாட்டுப் பாடித் தூங்க வெக்கணுமாக்கும்?"

லேத்துக்காரர்கள் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பங்காரம்மா பாஸ்வேர்டை அடித்தாள்.

கணபதியில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பம்ப்செட் கம்பெனி அது. அண்ணன் திருமலைசாமி வார்ப்பையும் அசெம்பிளியையும் பார்ப்பார். தம்பி கோவிந்தராஜுலு லேத்தையும் ஆட்களையும் பார்ப்பார். முன்னறையில் உட்கார்ந்து கடிதம், கொட்டேஷன், விலைப்பட்டியல், கேரளா டீலர்களோடு பேச்சு எல்லாவற்றையும் பார்ப்பது திருமலைசாமியின் மனைவி பங்காரம்மா. பி.எஸ்சி. கணக்கு படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வந்த மருமகள். சும்மா உட்காரப் பிடிக்காமல் மாமனார் காலத்திலேயே அந்த மேஜைக்கு வந்தவள்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதில் விண்டோஸ்தான் இருந்தது. கம்ப்யூட்டரை விற்ற நாச்சிமுத்து தன் பையிலிருந்த ஒரு சிடியிலிருந்து போட்டுக் கொடுத்தது. டீலர்கள் கொண்டுவரும் பிளாப்பியோடு வைரஸும் வரும். வந்ததும் கடிதங்களைத் தின்னும். நாச்சிமுத்து வருவான், "ஃபார்மேட் பண்ணிரலாமுங்க அக்கா" என்பான், மிச்சமிருக்கிற கடிதங்களையும் சேர்த்துத் துடைப்பான், சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு பைக்கை உதைப்பான். இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. லினக்ஸ். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியது, யாரும் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் கொடுக்கலாம், கேள்வி கேட்பாரில்லை என்று அந்தப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனியைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்திரிகையை மடியில் விரித்து, அவளே போட்டாள். முதல் தடவை திரையே வரவில்லை. அடுத்த தடவை திரை வந்தது, பிரிண்டர் வரவில்லை. பிறகு எல்லாம் வந்தது. மோடமும் சத்தமும் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. "பாட்டுக் கேக்கவா ஆபீசுக்கு வாரேன்?" என்று அதை விட்டுவிட்டாள். டைப் அடித்தே பழகிய கைக்கு எலியைப் பிடித்து இழுப்பதைவிட ஒரு வரியை அடித்து என்டர் தட்டுவது சுகமாக இருந்தது. வைரஸ் என்ற பேச்சே போய்விட்டது. சிடி உறையிலிருந்த பென்குயின் படத்தை வெட்டி மானிட்டர் மூலையில் ஒட்டினாள். கோவிந்தராஜுலு அன்றே அதற்கு வாத்து என்று பெயர் வைத்துவிட்டார்.

ஒரே ஒரு சங்கடம். அணைக்கும் முன் அதனிடம் சொல்லிவிட்டு அணைக்க வேண்டும். சொல்லாமல் கரண்ட்டைப் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருந்தது பாதியில் கிழிந்துபோகும். விண்டோஸுக்கும் அதே கதைதான். ஆனால் இந்தக் கம்பெனியில் மெயின் சுவிட்ச் என்பது வெறும் சுவிட்ச் இல்லை. பின்பக்கச் சுவரில், மாமனார் படத்துக்குக் கீழே, குங்குமம் வைத்த இரும்புப் பெட்டி. கைப்பிடியை இறக்கி, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றி, "வெங்கட்ரமணா" என்று சொன்னால்தான் அன்றைய பொழுது முடிந்ததாகக் கணக்கு. மாமனார் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது அந்த உரிமை கோவிந்தராஜுலுவுக்கு வந்தது. திருமலைசாமிகூடத் தொடமாட்டார். முன்னறைக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு இறக்குங்கள் என்று பங்காரம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். யூபிஎஸ் வாங்கலாம் என்று கேட்டாள். "லேத்துக்கே கிடையாது, வாத்துக்கா?" என்று பதில் வந்தது.

அன்று காலை, கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஒய்' அடித்து அவள் கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டாள். எல்லாம் பத்திரமாக இருந்தது, சனிக்கிழமை அடித்த பாலக்காட்டுக் கொட்டேஷனைத் தவிர. அதைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தபோது பாலக்காட்டிலிருந்தே போன் வந்தது. அவள் ரிசீவரை எடுக்குமுன் கோவிந்தராஜுலு எடுத்துவிட்டார்.

"ஆமாங்க... இல்லீங்க, இன்னும் ரெடியாகலீங்க. என்ன பண்றதுங்க, எங்க ஆபீஸ்ல இருக்கறது ஓசி கம்ப்யூட்டருங்க. புஸ்தகத்தோட சும்மா குடுத்த சிடிங்க. அது எழுந்திரிச்சாத்தான் உங்களுக்குக் கொட்டேஷன்." ஹ ஹ ஹா என்று சிரித்துவிட்டு வைத்தார்.

பங்காரம்மாவுக்குக் காது மடல் சுட்டது. பத்து வருஷமாக அவள் குரலை நம்பி ஆர்டர் கொடுக்கிற டீலர். அவரிடம் போய்!

"தம்பி, வெளியாளுகிட்ட என்னங்க பேச்சு இது?"

"உள்ளதைச் சொன்னேன். நான் முடிவு பண்ணிட்டேனுங்க வதினா. மத்தியானம் நாச்சிமுத்துவை வரச் சொல்லியிருக்கேன். இந்த வாத்தை அறுத்துப்போட்டுட்டு விண்டோஸ் போட்டுக் குடுத்துருவான். அதை ஓட்டத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணையும் அவனே கூட்டிட்டு வாரானாம். நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் கஷ்டப்படுவீங்க? ஊட்டுல ரெஸ்ட் எடுங்க."

அவர் போய்விட்டார். பங்காரம்மா அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளை மேஜையிலிருந்து கிளப்பக் கம்ப்யூட்டர் ஒரு சாக்கு என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

மத்தியானம் கணவருக்குச் சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்து வைத்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமா இது?"

திருமலைசாமி ரசத்தைப் பிசைந்தார். "சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? அவன் ஒரு முடிவு பண்ணிப்போட்டான். வேண்டாம்னா மனசு நோகும்."

"அவரு மனசு நோகும். என் மனசு என்ன, நீங்க ஊத்துற வார்ப்பு இரும்பா?"

"அதில்ல அம்மணி. மெயின் விஷயத்துல அவனை ஒண்ணும் சொல்ல முடியாது. அப்பா அவன் கையில குடுத்தது."

"அப்பா மெயினைக் குடுத்தாரு. என் மேஜையையுமா சேத்துக் குடுத்தாரு? கரண்டு தானாப் போனா நான் யாரையாவது கேக்கறேனா? அது மழை மாதிரி, வந்தா நனையறோம். உங்க தம்பி தினமும் வாளியில மொண்டு ஊத்திப்போட்டு, ஏன் நனைஞ்சேன்னு என்னையக் கேக்கறாரு!"

திருமலைசாமி மோருக்குக் கை நீட்டினார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. பங்காரம்மா மோரை ஊற்றினாள். கொஞ்சம் உயரத்திலிருந்தே ஊற்றினாள்.

பிறகு மேஜைக்குப் போய், இருக்கிற பிளாப்பிகளை எல்லாம் எடுத்து, கடிதங்களையும் விலைப்பட்டியலையும் அவற்றில் ஏற்றினாள். அவள் அதை முடிக்கவும் நாச்சிமுத்துவின் பைக் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

நாச்சிமுத்து பேச்சில் தேன் தடவி வைத்திருப்பவன். "அக்கா, நல்லா இருக்கீங்களா? என்னக்கா இப்படி ஒரு ரிஸ்க் எடுத்துப்போட்டீங்க? இந்த மாதிரி சும்மா வர்றதெல்லாம் எங்கிருந்து திருடினதோ, யாரு கண்டாங்க? நாளைக்கு ரெய்டு கிய்டுன்னு வந்தா கம்பெனி பேரில்லீங்களா கெட்டுப்போகும்?"

"கேட்டுக்குங்க வதினா," என்றார் கோவிந்தராஜுலு, கதவில் சாய்ந்தபடி. "திருட்டு சாமானாம்."

பங்காரம்மா எழுந்தே விட்டாள்.

"யாருங்க திருடினது? எழுதினவங்களே எடுத்துக்கங்கன்னு குடுக்கறாங்க. எடுத்துக்கிட்டேன். இதுல திருட்டு எங்க வந்துச்சு?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. சும்மா யாராச்சும் குடுப்பாங்களா? அதுவுமில்லாம ரெண்டாயிரம் வருஷம் பொறக்குதுங்க. ஒய்-டூ-கேன்னு தேதிக் கோளாறு வருது. இந்த வாத்தெல்லாம் தாங்காதுங்க."

"சரி, நீங்க போடப்போறது எது? எடுங்க, பாக்கலாம்."

நாச்சிமுத்து பையிலிருந்து ஒரு சிடி பௌச்சை எடுத்தான். உள்ளே வரிசையாக வெள்ளி சிடிகள். எதிலும் அச்சடித்த எழுத்து இல்லை. ஒன்றில் மார்க்கர் பேனாவால் 'வின் 98' என்று கிறுக்கியிருந்தது. அதன் பக்கத்து சிடியில் ஒரு சினிமாப் படத்தின் பெயர்.

"இதுக்கு லைசென்ஸ் எங்கீங்க?"

"அதெல்லாம் நம்பர் அடிச்சா வாங்கிக்குமுங்க."

"அந்த நம்பர் எங்க கம்பெனிக்குன்னு வாங்கின நம்பரா?"

நாச்சிமுத்து கோவிந்தராஜுலுவைப் பார்த்தான். "அக்கா, கோயமுத்தூர்ல எல்லா ஆபீஸ்லயும் இதேதானுங்க. ஒரே நம்பர்தான். நான்தானே போட்டேன், எனக்குத் தெரியாதுங்களா?"

"பில்லுல எழுதிக் குடுங்க, விண்டோஸ் குடுத்தேன்னு."

"அது... சர்வீஸ் சார்ஜுன்னுதானுங்க எழுதுவோம்."

பங்காரம்மா கொழுந்தனார் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா தம்பி? ரெய்டு வந்தா எதுக்கு வரும்னு இப்பத் தெரியுதுங்களா?"

அவர் வெட்கப்படுவார் என்று அவள் எதிர்பார்த்ததுதான் தப்பு. அவர் முகத்தில் அதற்கான சாயலே இல்லை.

"ஊரே போட்டிருக்குது வதினா. ஊரோட போனா யாரும் கேக்கமாட்டாங்க. நீங்க தனியாப் போறீங்க பாருங்க, அதுதான் கேக்கறாங்க. டேய் நாச்சிமுத்து, நீ ஆரம்பி."

காசு கொடுக்காமல் எடுத்தவன் யோக்கியன், கொடுத்ததை வாங்கிக்கொண்டவள் திருடி. இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? திருமலைசாமி உள்ளே வந்து நின்றார். பங்காரம்மா அவரைப் பார்த்தாள். அவர் மேஜை மேலிருந்த, பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றை எடுத்து, அதில் ஏதோ பிசிறு இருப்பதுபோல் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள் பங்காரம்மா. "போடட்டும். ஆனா ஒரு பேச்சு. நாளைக்குக் காத்தால நீங்க மெயினைத் தூக்குறப்ப இது நல்லபடியா எழுந்திரிச்சுதுன்னா, நான் ஊட்டுக்குப் போறேன். வாய் தொறக்கமாட்டேன். எழுந்திரிக்கலைன்னா, இந்த மேஜை பக்கம் யாரும் வரக்கூடாது. இதுக்கு என்ன வேணும்னு நான் கேக்கறனோ அதைச் செஞ்சு குடுக்கணும்."

"அட, இதுக்கென்ன? அண்ணா, நீங்களே சாட்சி," என்று கோவிந்தராஜுலு உற்சாகமாகி, எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். அவர் இத்தனை சந்தோஷமாக டீ வாங்கிக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

பங்காரம்மா நாற்காலியை விட்டு விலகிச் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சுழற்றி, உயரத்தைக் கூட்டினான். மானிட்டர் மூலையிலிருந்த பென்குயினை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பசை நல்ல பசை, பாதிதான் வந்தது. பிறகு பழையதை எல்லாம் அழித்து, டிஸ்க்கை ஃபார்மேட் போட்டான். அந்தக் காலத்து டிஸ்க், அவ்வளவு சுலபத்தில் முடியாது. சதவீதக் கணக்கு ஒவ்வொன்றாக ஏறியது. அவன் டீயைக் குடித்துவிட்டு, விண்டோஸில் சீட்டாட்டம் எத்தனை நன்றாக இருக்கும் என்று திருமலைசாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கோவிந்தராஜுலு ஆட்களைப் பார்க்கப் பின்பக்கம் போய்விட்டார். அங்கே லேத்துகளின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஆட்கள் கை கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பங்காரம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. தினமும் கேட்கிற சத்தம்தானே. இது கேட்டால் அவள் அவசர அவசரமாக எல்லாவற்றையும் மூடுவாள். இன்றைக்கு மூட அவளுக்கு ஒன்றுமில்லை. சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வருஷக் கணக்காகச் சொல்லியாயிற்று. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

டொக் என்று கேட்டது. மின்விசிறி தளர்ந்தது. டியூப்லைட் அணைந்தது. திரையில் ஏறிக்கொண்டிருந்த கணக்கு ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. பின்னாலிருந்து, "வெங்கட்ரமணா" என்ற குரல் கணீரென்று வந்தது.

நாச்சிமுத்து துள்ளி எழுந்தான். தேனெல்லாம் எங்கோ வழிந்துவிட்டது.

"யாருங்க அது மெயினை இறக்கினது? அறிவு வேண்டாமா? ஃபார்மேட் ஓடிட்டு இருக்குது! மெயினைப் புடுங்கிப்போட்டா எந்தக் கம்ப்யூட்டருங்க தாங்கும்?"

ஒற்றிய கை இன்னும் கண்ணருகே இருக்க, கோவிந்தராஜுலு முன்னறைக்கு வந்தார்.

"ஏன்டா கத்தறே? நாந்தான் இறக்கினேன். இன்னைக்கு என்ன புதுசா? தினமும்தான் இறக்கறேன்."

"தினமுமா?"

"ஆமா."

"கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்கறப்பவா?"

"ஓடினா என்ன? நின்னா என்ன? நான் எங்க வந்து பாக்கறது?"

நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணா, வாத்துமில்ல, வைரஸுமில்ல. இப்படிப் பண்ணினா பேங்க்குல இருக்கற கம்ப்யூட்டர்கூட ஒரு மாசம் வராது. இத்தனை நாளு இது ஓடினதே பெருசுங்க."

கதவோரம் நின்ற லேத்துக்காரர்களில் ஒருவர் இருமினார். அது இருமல்போல இல்லை.

திரும்ப மெயினைத் தூக்கியபோது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க அதில் எதுவுமே இல்லையே. 'ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை' என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றது.

"மறுபடியும் ஆரம்பி," என்றார் கோவிந்தராஜுலு, கொஞ்சம் சுருதி குறைந்து.

"இல்லீங்க. மொதல்ல லைனைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. டிஸ்க்கு போச்சுதுன்னா நான் பொறுப்பில்லை." நாச்சிமுத்து சிடி பௌச்சை ஜிப் போட்டான்.

பங்காரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளுக்குள் பற்றி எரிந்தது. இதே வார்த்தையைத்தானே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்? பின்பக்கம் வரைக்கும் போய், இதே மனுஷரிடம்? அப்போதெல்லாம் தாலாட்டு என்று கேலி. இவன் ஒரு தடவை கத்தினால் மறுபேச்சு இல்லை!

"நான் சொன்னப்ப சிரிச்சீங்க தம்பி. நாச்சிமுத்து சொன்னா காது கேக்குதுங்களா?"

"அதுக்கில்ல வதினா..."

"நாளைக்கு வரைக்கும் பாக்கறதா இருந்துச்சு. சாயங்காலத்தையே தாண்டலை. பேசினது பேச்சு. வயரிங் ரசாக் பாயை வரச் சொல்லுங்க. மீட்டர்ல இருந்தே என் மேஜைக்குத் தனி லைன் வேணும். உங்க மெயினுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது."

"அதெப்படி? கம்பெனின்னா மெயின் ஒண்ணுதான். அப்பா இருந்தப்பவே..."

"நான் போன் பண்றேன்," என்றார் திருமலைசாமி. இம்பெல்லரை மேஜை மேல் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சில் உருப்படியானது அது ஒன்றுதான். பங்காரம்மா அதற்காக அவரை மன்னித்துவிடவில்லை. மத்தியானமே எடுத்திருக்கலாமே அந்த ரிசீவரை?

மறுநாள் ரசாக் பாய் ஏணியோடு வந்தார். அந்த வட்டாரத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் வயரிங் அவர்தான். மீட்டரிலிருந்து புதிதாக ஒரு குழாய் ஓடி, மாமனார் படத்தைச் சுற்றிக்கொண்டு, முன்னறைக்கு வந்து, ஒரு சின்ன வெள்ளை சுவிட்ச்சில் முடிந்தது.

"அம்மா, இதுக்கும் குங்குமம் வெப்பீங்களா?" என்றார் ரசாக் பாய் ஏணியிலிருந்தே.

"வேண்டாம் பாய். ஃபியூஸ் நல்லதாப் போடுங்க, அது போதும்."

பங்காரம்மா தன் சிடியைப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினாள். பிளாப்பிகளில் ஒன்று படிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. திருச்சூர், ஒத்தப்பாலம் கடிதங்கள் அதில் இருந்தன. போனது போகட்டும் என்று விட மனசில்லை. வரிக்கு வரி திட்டிக்கொண்டே திரும்ப அடித்தாள். நாற்காலியின் உயரத்தைப் பழையபடி குறைத்தாள். கூட்டி வருவதாகச் சொன்ன பெண்ணைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே, அவிநாசி ரோட்டில் மோட்டார் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் ஆர்டர் விஷயமாக வந்தார். வெளியே நின்று கோவிந்தராஜுலுவோடு பேசிக்கொண்டிருந்தார். முன்னறை ஜன்னல் திறந்தே இருந்தது.

"ஏனுங்க கோவிந்தராஜுலு, கம்ப்யூட்டருக்குன்னு தனி லைன் இழுத்திருக்கீங்களாமே? எங்க ஆபீஸ்லயும் அது தினமும் மக்கர் பண்ணுதுங்க. நல்ல ஐடியா. யாரு குடுத்தது?"

"யாரு குடுப்பாங்க? நாந்தானுங்க யோசிச்சேன்," என்றது கோவிந்தராஜுலுவின் குரல். "அதுக்குள்ள டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்குதுங்க. சடார்னு மெயினை இறக்கினா அது கெட்டுப்போகும். எங்க வதினாவுக்கு இதெல்லாம் புரியாது பாருங்க. நாந்தான் எடுத்துச் சொல்லி, ரசாக்கைக் கூட்டியாந்து..."

பங்காரம்மாவின் விரல்கள் கீபோர்டு மேல் நின்றன. அடித்துக்கொண்டிருந்ததை சேவ் பண்ணினாள். எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலுக்குப் போனாள்.

"வாங்கண்ணா," என்று வந்தவரைக் கும்பிட்டாள். "தம்பி சொல்றதை நம்பிப்போடாதீங்க. லைன் கேட்டது நான். அதைக் கேக்க வேண்டி வந்ததே இவரால. தினமும் நான் வேலையில இருக்கறப்பவே மெயினை இறக்கி, மூணு தடவை என் டிஸ்க்கைக் கெடுத்தாரு. கெட்டதுக்குக் காரணம் ஓசி சிடின்னு பாலக்காடு வரைக்கும் சொன்னாரு. உங்க ஆபீஸ்ல யாரு இறக்கறாங்கன்னு மொதல்ல பாருங்க."

வந்தவர் கோவிந்தராஜுலுவைப் பார்த்தார். கோவிந்தராஜுலு சந்து முனையில் ஏதோ லாரி வருகிறதா என்று பார்த்தார்.

"வதினா, வாசல் தேடி வந்த ஒறம்பரைக்கு முன்னாடி இப்படியா..."

"பாலக்காட்டுக்காரரும் ஒறம்பரைதானுங்க தம்பி. போன் நம்பர் மேஜை மேல இருக்குது. அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, கம்ப்யூட்டர் மேல தப்பில்லைன்னு."

"நான் எதுக்கு..."

"நீங்கதான சொன்னீங்க? நீங்கதான் திருப்பிச் சொல்லோணும். நான் நம்பர் போட்டுத் தரேன், வாங்க."

அவள் உள்ளே போய் உட்கார்ந்து, போனை மேஜை விளிம்புக்குத் தள்ளி வைத்தாள். பாலக்காட்டு நம்பரைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.